வாய் திறக்காத பிழைகள்

ஒரு மென்பொருள் கையேட்டில் இப்படி ஒரு வரி வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்: "இந்தக் கட்டளையை இயக்கினால் வட்டில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும்." எழுதுபவர் பொறுப்பானவர். அந்த வரி தனிப் பெட்டிக்குள், கண்ணில் குத்துகிற மாதிரி வர வேண்டும் என்று விரும்புகிறார். அவர் எழுதுவது ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் என்ற குறியீட்டு மொழியில். பைத்தான் மொழியின் கையேடும், 2016 முதல் லினக்ஸ் கெர்னலின் ஆவணங்களும் அதில்தான் எழுதப்படுகின்றன. முறைப்படி இரண்டு புள்ளி, ஓர் இடைவெளி, 'வார்னிங்' என்ற சொல், பிறகு முக்காற்புள்ளி இரண்டு. அவர் அவசரத்தில் ஒன்றுதான் தட்டினார்.

பக்கம் தயாராகிறது. எந்தப் புகாரும் இல்லை. திறந்து பார்த்தால் பெட்டியைக் காணோம். பெட்டி போகட்டும், அந்த வரியையே காணோம்.

விதிப்படி நடந்ததுதான் இது. இரண்டு புள்ளியில் தொடங்கும் வரியை ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் ஒவ்வொரு வடிவத்தோடும் பொருத்திப் பார்க்கும். அடிக்குறிப்பா, சுட்டியா, இரட்டை முக்காற்புள்ளியோடு வரும் ஆணையா என்று பார்த்து, எதிலும் சேரவில்லை என்றால் அதை எழுதியவரின் சொந்தக் குறிப்பு என்று எடுத்துக்கொள்ளும். சொந்தக் குறிப்பு வாசகருக்குப் போகக் கூடாது. அதனால் தூக்கி எறிந்துவிடும். கணினியின் கணக்கில் பிழை என்று எதுவும் நடக்கவில்லை. வட்டை இழந்த வாசகரின் கணக்கு வேறு.

நிரல் எழுதுவோர் ஒரு சொகுசுக்குப் பழகியவர்கள். அரைப்புள்ளியை மறந்தால் கம்பைலர் கத்தும், எந்த வரி என்று காட்டும், திருத்தும்வரை நகரவிடாது. கையேடு எழுதுவோருக்கு அந்தச் சொகுசு பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஏன் கிடைப்பதில்லை என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1969-இல் ஐபிஎம் நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவர் ஜிஎம்எல் என்ற மொழியை உருவாக்கினார்கள். 'இதைத் தடித்த எழுத்தில் அச்சிடு' என்று எழுதாமல் 'இது தலைப்பு', 'இது பத்தி' என்று பெயர் சூட்டி எழுதுவது அதன் சாரம். அது வளர்ந்து 1986-இல் எஸ்ஜிஎம்எல் என்ற பன்னாட்டுத் தரமானது. அதன் வழித்தோன்றல்களான எச்டிஎம்எல்லும் எக்ஸ்எம்எல்லும் குணத்தில் நேர் எதிரானவை. 1998-இல் வந்த எக்ஸ்எம்எல் மகா கறார். ஒரு டேக்கைத் திறந்து மூட மறந்தால் ஆவணம் முழுவதும் செல்லாது. அப்படி ஒரு பக்கத்தை ஃபயர்ஃபாக்ஸில் திறந்தவர்களுக்கு மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் வரும் பிழைச்செய்தி நினைவிருக்கும். கட்டுரை முழுவதும் போய் அது மட்டும் நிற்கும். எச்டிஎம்எல்லைப் படித்த உலாவிகளோ எதையும் பொறுத்துக்கொண்டன. மூடாத டேக், குறுக்குமறுக்காகப் பின்னிய டேக், எதைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு பக்கத்தைக் காட்டிவிடும்.

இணையத்தின் அடித்தள நெறிமுறைகளைத் தொகுத்த ஜான் போஸ்டல் 1980-களின் தொடக்கத்தில் ஓர் அறிவுரை சொன்னார்: அனுப்பும்போது கண்டிப்பாக இரு, பெறும்போது தாராளமாக இரு. வலைப்பக்கம் எழுதியவர்கள் இதில் பிற்பாதியை உலாவியிடம் ஒப்படைத்துவிட்டு முற்பாதியை மறந்துபோனார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தப்பாக எழுதினாலும் சரியாகத் தெரிகிறது என்றால், தப்பு என்று யாருக்குத் தெரியும்?

2004-இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட மார்க்டவுன் என்ற குறியீட்டு மொழி இந்தத் தாராளத்தின் எல்லை. அதில் பிழை என்ற கருத்தே கிடையாது. பத்தாண்டுகள் கழித்து அதன் விதிகளைத் துல்லியமாக வரையறுக்க காமன்மார்க் முயற்சி தொடங்கியபோதும், எந்த எழுத்துவரிசையைக் கொடுத்தாலும் அது செல்லுபடியாகும் ஆவணம்தான் என்பதை மாற்றவில்லை. நட்சத்திரக்குறியும் அண்டர்ஸ்கோரும் எப்போது அழுத்தத்தைக் குறிக்கும் என்று சொல்ல மட்டும் அந்த வரையறைக்கு 17 விதிகள் தேவைப்பட்டன. எளிமையான மொழி என்று பெயர் வாங்கிய ஒன்றுக்கு!

விளைவைப் பாருங்கள். பைத்தான் நிரலர்களுக்குத் தெரிந்த ஒரு கோப்பு உண்டு: __இனிட்__.பிஒய். முன்னும் பின்னும் இரண்டிரண்டு அண்டர்ஸ்கோர். இதை மார்க்டவுனில் அப்படியே தட்டினால், இரட்டை அண்டர்ஸ்கோர் என்றால் தடித்த எழுத்து என்ற விதி குறுக்கே வரும். கோடுகள் மறைந்து 'இனிட்' தடிமனாகி நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். புதிதாகப் படிப்பவர் அதைப் பார்த்து 'இனிட்.பிஒய்' என்று கோப்பை உருவாக்குவார். நிரல் தொகுப்பு நடந்துகொள்ளும் விதம் மாறும். அவர் தம் நிரலில் பிழையைத் தேடிக்கொண்டிருப்பார்.

இன்னொன்று. கட்டளைகளின் விருப்பங்கள் பல --வெர்ஷன், --ஹெல்ப் என்று இரட்டைக் கோட்டோடு தொடங்கும். பைத்தான் கையேட்டை உருவாக்கும் ஸ்பிங்ஸ் என்ற கருவியில், மேற்கோள்களையும் கோடுகளையும் அச்சு நேர்த்திக்கு மாற்றும் வசதி இயல்பாகவே இயங்கும். நிரல் துண்டு என்று குறிக்காமல் உரைநடைக்குள் இரட்டைக் கோட்டை விட்டுவிட்டால், அது நீண்ட ஒற்றைக் கோடாகிவிடும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நகலெடுத்து முனையத்தில் ஒட்டினால் கட்டளை ஓடாது. அரிசியில் கறுப்புக் கல்லைப் பொறுக்குவது சுலபம். இவை அரிசி நிறத்திலேயே இருக்கும் கற்கள்.

ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் இந்த விஷயத்தில் பாதிக் கறார். *ஆர்க்ஸ் என்று எழுதினால், ஒரு நட்சத்திரத்தோடு அழுத்தம் தொடங்கியதே, முடிவு எங்கே என்று கேட்கும். கிளாஸ்_ என்று கடைசியில் அண்டர்ஸ்கோர் வைத்தால், அந்தப் பெயரில் ஒரு சுட்டி இருக்க வேண்டுமே, காணவில்லையே என்று பிழைச்செய்தி தரும். எரிச்சலூட்டினாலும் நல்ல செய்திகள் இவை. எனக்குக் கவலை தருவது மார்க்டவுனில் பழகிய கை இங்கே வந்து, நிரல் சொல்லைச் சுற்றி ஒற்றை பேக்டிக் (`) போடுவது. இங்கே இரண்டு போட வேண்டும். ஒன்று போட்டால் நூல் தலைப்புக்கு உரிய சாய்வெழுத்து வரும், ஒரு முணுமுணுப்பும் வராது.

இப்படிச் சத்தமில்லாமல் நழுவும் பிழைகளைத் தேடும் லிண்டர் என்ற கருவிக்கு இப்போது வருவோம். பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழி நிரல்களைச் சோதிக்க 1978 வாக்கில் எழுதிய கருவியின் பெயர் லிண்ட். துணியில் ஒட்டும் பஞ்சுப் பிசிறு. அக்காலத்துச் சி கம்பைலர்கள் வேகத்துக்காக எழுதப்பட்டவை. நிரலை மளமளவென்று இயங்கும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். நின்று நிதானமாக ஆராய அவற்றுக்கு நேரமில்லை. அந்த ஆராய்ச்சியை ஜான்சன் தனியே பிரித்தார். மொழியின் விதிப்படி செல்லும், ஆனால் எழுதியவர் இதை நினைத்திருக்க மாட்டார் என்று சந்தேகப்பட வேண்டிய இடங்களை லிண்ட் காட்டியது: பயன்படுத்தாத மாறி, ஓட்டம் ஒருபோதும் வந்து சேராத வரி, இப்படி.

கம்பைலரும் லிண்டரும் பிரிகிற இடம் இதுதான். கம்பைலர் கேட்பது, விதிக்கு உட்பட்டதா? லிண்டர் கேட்பது, இதைத்தான் சொல்ல வந்தாயா? முதல் கேள்விக்குத் திட்டவட்டமான விடை உண்டு. இரண்டாவது, மனத்தைப் படிக்கும் முயற்சி; தவறவும் செய்யும். ஜான்சனுக்கு அது தெரிந்திருந்தது. அதனால்தான் நிரலுக்குள்ளேயே சில குறிப்புகளை எழுதி வைத்து, 'தெரிந்துதான் செய்தேன், பேசாமல் இரு' என்று லிண்டிடம் சொல்ல வழி செய்திருந்தார். இன்று மார்க்டவுன் லிண்டர்களிலும் அதே வழி இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட விதியை ஒரு பத்திக்கு மட்டும் நிறுத்தி வைக்கலாம்.

தொலைந்துபோன எச்சரிக்கைப் பெட்டியை லிண்டர் எப்படிப் பிடிக்கிறது என்பது இந்த மனத்தைப் படிக்கும் முயற்சிக்கு நல்ல சான்று. பைத்தான் கையேட்டுக்குப் பயன்படும் ஸ்பிங்ஸ்-லிண்ட், ஆணைப் பெயர்களின் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்திருக்கிறது. இரண்டு புள்ளிக்குப் பின் அந்தப் பெயர்களில் ஒன்று வந்து, இரட்டை முக்காற்புள்ளி மட்டும் இல்லையென்றால், இந்தக் குறிப்பு ஆணையாக இருக்க வேண்டியது போலத் தெரிகிறதே என்று சொல்லும். 'போலத் தெரிகிறது' என்பதைக் கவனியுங்கள். இலக்கணம் தெரிந்தவர் இப்படிப் பேச மாட்டார். ஆளைத் தெரிந்தவர் பேசுவார். ஒருவர் உண்மையாகவே தமக்கென்று 'நோட்: அடுத்த பதிப்பில் திருத்து' என்று குறித்து வைத்திருந்தாலும் லிண்டர் சந்தேகப்படத்தான் செய்யும். அந்த அசௌகரியம் கொடுக்கத் தக்க விலை என்பது என் கருத்து. ஒற்றை பேக்டிக்கைப் பிடிக்கும் சோதனையும் இதில் உண்டு. இயல்பாக அது உறங்கிக் கிடக்கும், பைத்தான் கையேட்டுத் திட்டம் அதைத் தட்டி எழுப்பி வைத்திருக்கிறது.

சரி, பட்டியல் வந்துவிட்டது. பழைய கையேடு ஒன்றின் மீது முதல்முறை லிண்டரை ஓட்டினால் திரை நிற்காமல் ஓடும். அப்போது வரும் ஆசை ஒன்று இருக்கிறது: எண்ணிக்கையைச் சுழியமாக்கிவிட வேண்டும். லிண்டரால் வரும் கெடுதல்களில் பாதி இந்த ஆசையால் வருகிறது.

மார்க்டவுன்லிண்ட் என்ற கருவியின் விதிகளுக்கு எண்கள் உண்டு. 45-ஆம் விதி, படத்துக்கு மாற்று உரை வேண்டும் என்கிறது. பார்வையற்றோர் திரைவாசிப்பான் மூலம் கேட்பது அந்த உரையைத்தான். எல்லாப் படங்களுக்கும் 'படம்' என்று எழுதிவிட்டால் லிண்டர் அடங்கிவிடும். கேட்பவருக்கோ முன்பு இருந்த மௌனத்துக்குப் பதிலாக ஒரு பயனற்ற சொல் கிடைக்கும். வழக்கு மூடப்பட்டதால் இனி யாரும் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். முதல் விதி, தலைப்புகளின் படிநிலை ஒவ்வொன்றாக இறங்க வேண்டும் என்பது. முதல்நிலைத் தலைப்புக்குக் கீழே நேராக மூன்றாம் நிலையைப் போட்டவர், பெரும்பாலும் இரண்டாம் நிலையின் எழுத்து அளவு பிடிக்காமல் போட்டிருப்பார். தலைப்பின் முன்னுள்ள கட்டக்குறிகளில் (#) ஒன்றை நீக்கினால் புகார் தீரும். ஆனால் இடையில் ஒரு பகுதி எழுதப்படாமலே விடுபட்டிருந்தால்? அதைப் படித்துப் பார்த்தால்தான் தெரியும், லிண்டர் படிப்பதில்லை.

தானாகத் திருத்தும் வசதியிலும் ஒரு பொறி இருக்கிறது. வரிக் கடைசியில் தேவையற்ற இடைவெளிகளை நீக்குவதுதான் இருப்பதிலேயே அப்பாவியான திருத்தம் என்று தோன்றும். மார்க்டவுனில் வரிக் கடைசியில் இரண்டு இடைவெளி விட்டால் வரியை அங்கே முறி என்று பொருள். திரையில் தெரியாத ஆணை! உரைத் தொகுப்பி தானாக அதைத் துடைத்தால், ஒன்றன்கீழ் ஒன்றாக நின்ற முகவரி வரிகள் ஒரே வரியாக ஒட்டிக்கொள்ளும். மார்க்டவுன்லிண்ட் சரியாக இரண்டு இருந்தால் விட்டுவைக்கிறது. உரைத் தொகுப்பிகளுக்கு அந்த நாசூக்கு இருக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே மூலக் கோப்புகளை மட்டும் ஒப்பிட்டால் போதாது. திருத்தத்துக்கு முன்னும் பின்னும் பக்கங்களை உருவாக்கி, உருவான எச்டிஎம்எல்லை ஒப்பிட வேண்டும். மாறக் கூடாதது மாறியிருக்கிறதா என்று பார்க்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. மாற்றங்களைச் சேமிக்கும் ஒரு கமிட்டில் ஒரு விதியை மட்டும் திருத்தினால் இந்த ஒப்பீடு எளிது. இடையில் ஒரு வாக்கியத்தையும் மெருகேற்றினால் எல்லாம் குழம்பும்.

எங்கே திருத்துவது என்பது எப்படித் திருத்துவது என்பதைவிடப் பெரிய கேள்வி. விக்கிப்பீடியா இதைப் பெரிய அளவில் சந்தித்தது. அதன் பக்கங்கள் பல ஆண்டுகள் டைடி என்ற கருவி வழியாகச் சுத்தமாகி வந்தன. வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பைச் சேர்ந்த டேவ் ராகெட் 1990-களில் எழுதியது அது. பிறகு எச்டிஎம்எல்5 வந்தது. தப்பான குறியீட்டைக்கூட உலாவிகள் எல்லாம் ஒரே மாதிரித் தப்பாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று அது வரையறுத்தது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அந்த விதிகளின்படி இயங்கும் புதிய கருவிக்கு மாற முடிவு செய்தது. உடனே ஒரு சிக்கல். பழைய ஏற்பாட்டில் <டிவ்/> என்பது திறந்து அங்கேயே மூடிய பெட்டி. புதிய விதிப்படி அந்தச் சாய்கோட்டுக்கு மதிப்பில்லை. பெட்டி திறந்தபடியே கிடக்கும், பக்கத்தின் மீதி முழுவதும் அதற்குள் விழும். அதுவரை சரியாகத் தெரிந்த பக்கங்கள் கருவி மாறிய நொடியில் குலைந்துவிடும்.

அதற்காகவே லிண்டர் என்ற நீட்சியை 2017-இல் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு மொழி விக்கியிலும், தமிழ் உட்பட, அதன் பட்டியலுக்கென ஒரு சிறப்புப் பக்கம் உண்டு. பிழைகள் உயர், நடு, தாழ் முன்னுரிமை என்று பிரிக்கப்பட்டன: பக்கத்தின் தோற்றத்தைக் கெடுக்கக்கூடியவை முதலில், காலாவதியான டேக் போன்றவை கடைசியில். பக்கம் பக்கமாகப் போனால் முடியாத வேலை இது. ஆனால் பிழைகள் கூட்டாளிகளோடு வாழ்கின்றன. ஒரு வார்ப்புருவில் மூடாமல் விட்ட டேக், அந்த வார்ப்புரு பயன்படும் ஒவ்வொரு பக்கத்திலும் பிழையாகத் தெரியும். மூலத்தை ஒருமுறை திருத்தினால் அத்தனையும் தீரும். ஒருவர் தம் கையொப்பத்தில் மூடாமல் விட்ட எழுத்துரு டேக்கோ, அவர் பேசிய உரையாடல் பக்கங்களிலெல்லாம் படிந்துவிடும்; அதற்குக் குறுக்குவழி இல்லை, பக்கம் பக்கமாகத்தான் போக வேண்டும். 2018 ஜூலையில் டைடி எல்லா விக்கிகளிலிருந்தும் விடைபெற்றது.

யுனிக்ஸ் கையேட்டுப் பக்கங்களின் கதை எதிர்த் திசையில் போகிறது. ட்ராஃப் என்ற பழைய அச்சுக்கோப்பு மொழியில், விசைப்பலகையின் சிறு கோடு என்பது சொற்களை இணைக்கும் கோடு. கழித்தல் குறி வேண்டுமென்றால் அதற்கு முன்னே பின்சாய்கோடு போட வேண்டும். பழைய முனையங்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரிந்ததால் கட்டளை விருப்பங்களை எழுதியவர்கள் ஏராளமானோர் வெறும் கோட்டையே தட்டினார்கள். யூனிகோட் முனையங்களில் இரண்டும் வெவ்வேறு எழுத்துகள். இணைப்புக்கோட்டோடு ஒட்டிய கட்டளை ஓடாது. பக்கத்துக்குள் தேடினாலும் கிடைக்காது. லினக்ஸ் வழங்கலான டெபியனின் லிண்டியன் என்ற சோதனைக் கருவியில் இதைப் பிடிக்கவே ஒரு விதி இருந்தது. ட்ராஃப் மொழியைக் கையாளும் க்ராஃப் மென்பொருள் வெகுகாலம் யூனிகோட் முனையங்களில் வெறும் கோட்டைக் கழித்தல் குறியாகவே காட்டிச் சமாளித்தது. 2023 ஜூலையில் வந்த 1.23 பதிப்பில் அந்தச் சலுகையை நீக்கி, எழுதியது எதுவோ அதையே காட்டியது. விதிப்படி அதுதான் சரி. டெபியன் தன் அமைப்புக் கோப்பில் பழைய சலுகையைத் திரும்பக் கொண்டுவந்தது. என் ஓட்டு டெபியனுக்கு. எழுதியவர் கழித்தல் குறியைத்தான் நினைத்தார் என்பதில் ஐயமே இல்லாதபோது, எண்ணற்ற பக்கங்களைத் திருத்தச் சொல்வதைவிடக் காட்டும் இடத்தில் ஒரே தடவை திருத்துவது மேல்.

தமிழில் கையேடு எழுதுவோருக்கு இந்தக் கருவிகள் வேறு சில தொல்லைகளைத் தருகின்றன. வேற்றுமை உருபைச் சொல்லோடு ஒட்டி எழுதுவது நம் இயல்பு. ``பிரிண்ட்``ஐ என்று எழுதினால் ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் மறுக்கும். முடிக்கும் குறிக்குப் பின் இடைவெளியோ நிறுத்தக்குறியோதான் வரலாம் என்பது அதன் விதி. சொல்லுக்கு முன் இடைவெளி விட்டு முன்னிடைச் சொல்லை எழுதும் மொழிகளுக்கு இந்த விதி உறுத்துவதே இல்லை. இணைப்புக்கோடு போட்டு ``பிரிண்ட்``-ஐ என்று எழுதுவது ஒரு வழி. பின்சாய்கோட்டையும் இடைவெளியையும் சேர்த்துப் போட்டால் வெளியீட்டில் இரண்டும் மறைந்து உருபு ஒட்டிக்கொள்ளும். மூலத்தைப் படிப்பதுதான் கண்ணுக்குச் சிரமம். மார்க்டவுனிலும் அண்டர்ஸ்கோரால் அழுத்தம் தந்து அதோடு உருபை ஒட்டினால் அழுத்தம் வராது; நட்சத்திரம் போட்டால் வரும்.

மொழிபெயர்ப்பாளரின் பாடு வேறு. ஸ்பிங்ஸ் ஆவணங்களின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலப் பத்தி ஒவ்வொன்றும், உள்ளே இருக்கும் குறியீட்டோடு சேர்த்து, ஒரு சாவி. அதற்கு நேரே தமிழ்ப் பத்தி. ஆங்கில மூலத்தில் யாரோ ஒற்றை பேக்டிக்கை இரட்டையாகத் திருத்தினால், பொருள் ஒரு மாத்திரைகூட மாறவில்லை என்றாலும் சாவி மாறிவிடும். புதுப்பிக்கும்போது அந்தத் தமிழ்ப் பத்தி 'ஃபஸி', அதாவது ஐயத்துக்குரியது என்று குறிக்கப்படும். அப்படிக் குறித்ததை ஸ்பிங்ஸ் இயல்பாகப் பயன்படுத்தாது. ஒருவர் பார்த்து உறுதி செய்யும்வரை தமிழ்ப் பக்கத்தின் நடுவே ஆங்கிலப் பத்தி நிற்கும்.

தலைப்புக்கு அடிக்கோடு இடுவதில்தான் வேடிக்கை. ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டில் தலைப்பின் கீழே சமக்குறிகளை வரிசையாக இட வேண்டும். தலைப்பைவிட வரிசை குட்டையானால் எச்சரிக்கை வரும். 'அத்தியாயம்' என்ற சொல்லில் நாம் எண்ணினால் 6 எழுத்து. யூனிகோட் கணக்கில் 10 குறிகள், ஏனெனில் உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனி. இந்த மொழியைப் படிக்கும் டாக்யூட்டில்ஸ் நிரல் எதிர்பார்ப்பது 8. யூனிகோட் பட்டியலில் மெய்யின் மேல் வரும் புள்ளிக்கு மட்டும் 'இணையும் குறி' என்ற வகையெண் தரப்பட்டிருக்கிறது, உயிர்க்குறிகளுக்கு அந்த இடத்தில் சுழியம். நிரல் அந்த வகையெண்ணைப் பார்த்து இரண்டு புள்ளிகளை மட்டும் கழித்துவிடுகிறது. ஆறு சமக்குறி இட்டவரிடம் கோடு குட்டை என்று அது சொல்லும்போது, அவர் விரல்விட்டு எண்ணி, சரியாகத்தானே இருக்கிறது என்று குழம்புவார். கோடு நீளமாகிவிட்டால் மட்டும் அது ஒன்றும் சொல்வதில்லை. எனவே எண்ணாமல், தலைப்பைத் தாண்டி இன்னும் நாலு குறி சேர்த்து இழுத்துவிடுவதே வழி.